நூலைக் கடிக்கும் பக்கம்

நூலின் ஒரு முனையை இடப்பக்கத்துப் பல்லில் கடித்துக்கொண்டு பொற்கொடியின் நெற்றிக்கு மேல் குனிந்தபோது தவமணிக்கு அது மறுபடியும் தட்டுப்பட்டது. வலி என்று சொல்ல முடியாது. வலித்திருந்தால் இன்னும் வலிக்கிறது என்று நினைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். நாக்கின் இடது ஓரத்தில், கடைவாய்க்குப் போகிற வழியில், மதியச் சோற்றில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டு துப்பினாலும் போகாமல் இருப்பது போல. நாக்கை அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று நினைத்தாள், நினைத்த மாத்திரத்தில் நாக்கு அங்கேதான் போய் நின்றது. விரல்கள் பாட்டுக்கு விரிந்து சுருங்க, நூலின் முறுக்கு புருவத்தின் மேல் ஏறி இறங்கியது. பொற்கொடியின் கண்ணோரம் தண்ணீர் கோத்தது. தோலை மேல இழுத்துப் பிடி என்று சொல்வதற்குப் பதில் முழங்கையால் அவள் கையைத் தட்டினாள். இந்த அழகு நிலையத்தில் பதினாலு வருடமாக எல்லாரிடமும் அப்படித்தான், வாயில் நூல் இருக்கும்போது முழங்கைதான் பேசும். பதினாலு வருடத்தில் பன்னிரண்டரை வருடம் முன்பல். மேல் முன்பல்லின் விளிம்பில் நூல் அறுத்து அறுத்து ஒரு பள்ளம் விழுந்து, பிறகு அந்தப் பள்ளத்துக்குள்ளேயே நூல் போய்ச் சிக்கி அறுந்துபோக ஆரம்பித்ததும் பக்கம் மாற்றினாள். வலப்பக்கம் சொத்தை, அங்கே எதையும் கடிக்க முடியாது. ஆகவே இடப்பக்கம். இடப்பக்கத்தில் கோரைப்பல்லுக்கு அடுத்த பல், அதுவும் இப்போது முழுப்பல் இல்லை. தை மாசத்து முகூர்த்தம் ஒன்றில், விடியாத நேரத்தில் கல்யாணப் பெண்ணின் கொண்டையை இடக்கையில் பிடித்தபடி வலக்கை ஊசியை வாயில் விரித்தாளே, அப்போது. கொண்டை ஊசியை விரிக்க வாயை விட்டால் வேறு கை ஏது. டக் என்று ஒரு சத்தம். ஊசிதான் உடைந்தது என்று நினைத்தாள். கல் மாதிரி ஏதோ நாக்கில் உருண்டதும் கழுவுதொட்டியில் போய்த் துப்பிவிட்டு வந்து மிச்ச ஊசிகளையும் அதே வாயால்தான் விரித்தாள். அந்த உடைந்த விளிம்புதான் நாக்கை அறுக்கிறது. அப்படித்தான் இருக்கும். அப்படியானால் தையிலிருந்தா இது? இல்லை, தையில் வெறும் உரசல். புண் என்பது அதற்கப்புறம். எத்தனை அப்புறம்?

பொற்கொடி பருப்பு மில் ஒன்றில் கணினி முன்னால் உட்காருகிறவள். வந்து உட்கார்ந்ததிலிருந்து பேசிக்கொண்டிருந்தாள். எல்லாருமே பேசுவார்கள். வாயில் நூலோடு நிற்கிற பெண்ணிடம் விருதுநகரே மனசைத் திறந்து கொட்டும், அவளால் திரும்பி ஒரு கேள்வி கேட்க முடியாது என்கிற தைரியம்.

"ஞாயித்துக்கிழம நாத்தனாவுக்குக் கல்யாணம்க்கா. எங்க அத்த என்னைய மேல கீழ பாத்துட்டு, ஏன்டி, மாப்பிள்ள வீட்டுக்காரங்க பயந்துர மாட்டாங்களா, கரடி மாதிரி நிக்கிறியேன்னுட்டாங்க. அவுக மூஞ்சிக்கு நான் கரடியாம்."

"ம்."

"சிரிக்கிறீங்கல்ல. வயிறு குலுங்குது, எனக்குத் தெரியுது."

சிரிக்கவில்லை. எச்சில் ஊறி, அதை விழுங்கும்போது நாக்கு பல்லில் பட்டது. அதில் வயிறு குலுங்கியது. கரடி என்று சொன்னது சரிதான், நன்றாகவே அடர்ந்திருந்தது. வளைவுக்குக் கீழே மட்டுமில்லை, இரண்டு புருவத்துக்கும் நடுவில், இமைக்கு மேலே, எங்கெங்கோ. சிலருக்கு வேகமாக வளரும். சூட்டு உடம்புக்கு வேகமாக வளரும் என்று தொழிலைக் கற்றுக்கொடுத்த அம்மாள் சொல்லியிருக்கிறாள், உண்மையோ பொய்யோ. வாய்ப்புண்ணும் சூடுதான். வீட்டுக்காரர் கனகராசு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், அவருக்கு உலகத்தில் எல்லா நோயும் சூடுதான். "எண்ணெ தேச்சுக் குளி, ரெண்டு நாளையில ஓடிரும்." தேய்த்துக் குளித்தாள். ஓடவில்லை. மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் குடித்தாள். மோர். மருந்துக் கடையில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு மாத்திரை, ஒரு அட்டை, இன்னொரு அட்டை. தடவிக்கொள்ள ஒரு களிம்பு. அதைத் தடவினால் கொஞ்ச நேரம் நாக்கு யாருடையதோ போல மரத்துக் கிடக்கும், அந்த நேரத்தில் குழம்பு சாப்பிட்டுவிடலாம். முதல் குழாய் தீர்ந்தது. இரண்டாவது குழாயை அடியிலிருந்து சுருட்டிக்கொண்டே வருகிறாள். ஒரு குழாய் எத்தனை நாள் வரும்? விரல் நுனியில் மிளகளவு, நாளைக்கு மூன்று தடவை. இதை வைத்துக் கணக்குப் போடலாம், ஆனால் நடுவில் சில நாள் தடவவில்லை, மறந்துபோனாள், மறந்துபோனால் ஆறிவிட்டது என்றுதானே அர்த்தம். ஆறிவிட்டு மறுபடி வந்திருந்தால் இது பழைய புண் இல்லை, புதுப் புண். புதுப் புண்ணுக்கு ஒன்றிலிருந்துதான் எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் இரண்டு வாரம்.

"ஆ, அக்கா."

நூலை விட்டுவிட்டுப் பார்த்தாள். தோலைக் கவ்வியிருந்தது. ஒரு பொட்டு சிவப்பு. பஞ்சை நனைத்து வைத்தாள்.

"பாத்து. கல்யாணத்துக்குப் புருவத்தோட போகணும்."

"அசையாத நீ. பேசிக்கிட்டே அசைஞ்சா?"

"நான் எங்க அசஞ்சேன். நீங்கதான் எங்கயோ இருக்கீங்க. பங்குனிப் பொங்கலுக்குச் சாட்டு போட்டு விரதம் ஆரம்பிச்சதுலருந்து தொடலையா, அதான் இம்புட்டுக் காடு. அக்கினிச்சட்டி எடுத்தேன்ல இந்த வருசம். விரதத்துல முடியில கை வைக்கக் கூடாதுன்னு எங்க அத்த கையில கம்போட நின்னாங்க. பொங்கல் முடிஞ்சதும் வருவோம்னு பாத்தா மில்லுல கணக்கு முடிக்கிற நேரம், ஞாயித்துக்கிழமகூட விடல."

"ம்" என்றாள் தவமணி, நூலை மறுபடி கடித்தபடி. பெருமையாக ஏதோ சொல்கிறாள் என்று மட்டும் பட்டது. அவள் கவனம் முழுக்கக் கடிக்கிற இடத்தில் இருந்தது. நூலை இன்னும் கொஞ்சம் முன்னால், கோரைப்பல்லுக்கே கொண்டுவந்தால் நாக்குக்கு இடம் கிடைக்கும். கொண்டுவந்தாள். பிடி நழுவியது. கொரோனா சமயத்தில் யாரும் வாயில் வைத்த நூலை விரும்பாததால் கழுத்தில் மாட்டி இழுத்தாள், ஏழெட்டு மாசம். நூல் கழுத்தை அறுத்தது, மாலை போட்ட மாதிரி ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கை வேகம் வரவில்லை. தடை போனதும் முதல் வேலையாக வாய்க்குத் திரும்பினாள். திரும்பியிருக்கக் கூடாதோ. நூல் புண் உண்டாக்குமா? பருத்தி நூல்தான். நூற்கண்டு மேசைமேல் கிடக்கிறது, தூசி படுகிறது, அதே கையால் பவுடர், அதே கையால் பஞ்சு, அதே நூல் வாய்க்குள். இதை இப்போதுதான் யோசித்தாள். யோசிக்காத பதினாலு வருடத்தில் ஒன்றும் ஆகவில்லையே. ஆகவில்லை என்று யார் பார்த்தார்கள்? இந்த அறையில் நாலு கண்ணாடி. ஒன்றில்கூட அவள் தன் வாயைத் திறந்து பார்த்ததில்லை. காலையில் பல் தேய்க்கும்போது நுரை இளஞ்சிவப்பாக வரும், அதைத் தண்ணீர் ஊற்றி அனுப்பிவிடுவாள். அழுத்தித் தேய்த்தால்தான் தேய்த்த மாதிரி இருக்கிறது. ஈறு என்றால் கொஞ்சம் ரத்தம் வரத்தான் செய்யும், எல்லாருக்கும் வருகிறது என்று நினைத்திருந்தாள். எல்லாரையும் கேட்டாளா? கேட்கவில்லை. பற்பசை படும்போது புண் எரியும். முன்பு எரிந்தது. இப்போது அவ்வளவு எரியவில்லை. அதுதான் அவளைக் குழப்பியது. எரியாவிட்டால் நல்லதுதானே, ஆறுகிறது என்றுதானே. அப்படியென்றால் ஏன் விளிம்பு தடித்துக்கொண்டே வருகிறது?

புருவம் முடிந்தது. முகத்தைத் துடைத்து, க்ரீம் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். இது அவளுக்குப் பிடித்த வேலை. வாய்க்கு வேலையில்லை, கண்ணுக்கும் அவ்வளவாக இல்லை, விரல்களே போகிற வழி போய் வரும். நெற்றி நடுவிலிருந்து நெற்றிப்பொட்டுக்கு, கன்னத்திலிருந்து காதுக்கு, காதுக்குப் பின்னாலிருந்து தாடைக்கு அடியில் இறங்கி, கழுத்து வழியாகத் தோளுக்கு. பொற்கொடியின் தாடைக்கு அடியில் விரல்கள் வழுக்கிக்கொண்டு போயின, ஒன்றும் தடுக்கவில்லை, ஈர மாவுக்குள் கை விட்டது போல. அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது. எத்தனை ஆயிரம் தாடைகள். சளி பிடித்தவளுக்கு நெல்லிக்காய் மாதிரி ஒன்று உருளும், அடுத்த மாசம் வரும்போது கரைந்திருக்கும், இதெல்லாம் விரலுக்குத் தெரியும். தன் தாடைக்கு அடியில் அவள் விரல் போய் ரொம்ப நாளாயிற்று. குளிக்கும்போது சோப்பு போடுகையில் அந்த இடத்தை உள்ளங்கையால் கடந்துவிடுவாள். விரல் நுனியால் இல்லை. இதை அவள் இப்போதுதான் கவனித்தாள், கவனித்ததைக் கவனிக்காதது போல பொற்கொடியின் காதுமடலை இரண்டு தடவை அதிகமாகத் தேய்த்தாள்.

"தூக்கம் வருதுக்கா."

"தூங்கு. மூஞ்சிக்குப் பேக் போட்டதும் இருவது நிமிசம் வாயத் தொறக்கக் கூடாது. பேசினா சுருக்கம் விழும்."

"இருவது நிமிசமா? எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லுங்க, சந்தோசப்படுவாரு."

முல்தானி மண்ணில் பன்னீர் விட்டுக் குழைத்தாள். தேன் விட்டாளா இல்லையா என்று சந்தேகம் வந்து, விரலால் தொட்டு நாக்கில் வைக்கப் போனவள் கையை இறக்கிக்கொண்டாள். இன்னொரு கரண்டி தேன் விட்டாள். தூரிகையால் நெற்றியிலிருந்து பூசிக்கொண்டே வந்தாள். கண்ணைச் சுற்றி வட்டம், உதட்டைச் சுற்றி வட்டம், மற்றதெல்லாம் ஈர மண். கண்ணின் மேல் வெள்ளரித் துண்டு. மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு மூலையில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மணி மூன்றேகால். சித்திரை வெயில் படிக்கட்டு வரை ஏறி வந்து நின்றது. கீழே தெருவில் தர்பூசணிக்காரன் ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டே போனான். நாக்கு பல்லைத் தொட்டது. பல் நாக்கைத் தொட்டது. இதில் எது எதைத் தேடிப் போகிறது?

பெரியப்பா செல்லையா வெற்றிலையோடு புகையிலையை ஒதுக்கிக்கொள்கிறவர், கன்னத்துக்குள் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கிறது போல. சுண்ணாம்பு பட்டு வாய் வெந்திருக்கிறது என்றுதான் அவரும் சொன்னார். ஒரு வருடம் சுண்ணாம்பு வெந்தது. கன்னத்தின் உட்பக்கம் பால் ஆடை மாதிரி வெள்ளையாக இருந்ததாம், அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாராம், வரவில்லையாம், இதையெல்லாம் அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். பிறகு வாய் சின்னதாகிக்கொண்டே வந்தது. கை நுழைகிற வாய், கரண்டி நுழைகிற வாய், கடைசியில் பீங்கான் கரண்டியின் காம்பு மட்டும் நுழைகிற வாய். கஞ்சியைக் காம்பால் ஒற்றிவிட்டார்கள். தவமணிக்கு அப்போது பதினாறு வயது, துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் வேலை. அவர் புகையிலை போட்டார். நான் நூலைத் தவிர எதையும் மெல்லவில்லை. இதை அவள் பல தடவை தனக்குள் சொல்லியிருக்கிறாள், ஒரு வழக்கில் சாட்சி சொல்கிறது போல. புகையிலை இல்லை. பாக்குகூட இல்லை. கல்யாண வீட்டுத் தாம்பூலத்தையும் அப்படியே அடுத்தவரிடம் தள்ளிவிடுவாள். புகையிலை போட்டால்தான் வரும், போடாவிட்டால் வராது என்று யார் சொன்னது? யாரோ சொன்னார்கள். இல்லை, யாரும் சொல்லவில்லை, அவளே சொல்லிக்கொண்டது. அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்காகப் பெரியாஸ்பத்திரி வரிசையில் நின்றபோது சுவரில் ஒரு படம் பார்த்தாள். வாய் பிளந்த படம். அதன் பக்கத்தில் வரிசையாக எழுதியிருந்தது, முன்னால் நின்ற ஆளின் தலை பாதியை மறைத்தது. ஆறாத புண் என்று ஒன்று. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு. வாயைத் திறக்க முடியாமல் போவது. அவளுக்கு வாய் நன்றாகத் திறக்கிறது, மூன்று விரல் நுழைகிறது, வரிசையில் நின்றபடியே முந்தானைக்குள் வைத்துப் பார்த்துவிட்டாள். கூரான பல் என்று ஒரு வரி ஆரம்பித்தது, அதன் மிச்சம் அந்த ஆளின் தலைக்குப் பின்னால். வலி இல்லாவிட்டாலும் என்று இன்னொரு வரி முடிந்தது, அதன் தொடக்கம் தலைக்குப் பின்னால். அந்த ஆள் நகர்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவர் நகர்ந்தபோது அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றேவா? தெரியவில்லை. ஒன்று மட்டும் முழுதாகப் படித்தாள், இரண்டு வாரம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாவிட்டால் காட்ட வேண்டும். மருந்துக் கடைக்காரரும் அதையேதான் சொன்னார், இரண்டாவது குழாயைக் கொடுக்கும்போது.

"எத்தன நாளாம்மா இருக்கு?"

"ரெண்டு வாரம் இருக்கும்ணே."

"போன தடவ வந்தப்பவும் அதான சொன்னீங்க?"

இந்தக் கடைசிக் கேள்வியைக் கடைக்காரர் கேட்கவில்லை, அதைக் கேட்டது மகள். கோயம்புத்தூரிலிருந்து போனில். கடைக்காரர் கேட்டாரா? இருவரும் கேட்டார்களா? மகள் கேட்டபோது குக்கர் சத்தம் போட்டதால் பதில் சொல்லாமல் தப்பித்தாள், அது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. கனகராசிடம் இரண்டு வாரம். மகளிடம் இரண்டு வாரம். எல்லா வாரமும் அது இரண்டு வாரமாகவே இருந்தது. பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அது நிஜமாகவே இரண்டு வாரம் போலத்தான் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முந்தின நாட்களில் நாக்கைப் பற்றி எந்த ஞாபகமும் இல்லை, வேறு வேறு ஞாபகம்தான். பங்குனிப் பொங்கல் கூட்டம், ஒரு நாளைக்கு நாற்பது புருவம், மதியச் சாப்பாடு நாலரைக்கு, அதுவும் தயிர்சாதம். ஏன் தயிர்சாதம்? வெயில் என்றுதான். இல்லை, காரம் பட்டால் எரிந்தது. எரிந்ததா? பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால் ஊரே வந்து வாசலில் நின்றது. அந்த நெரிசலில் பொற்கொடிகூட வந்திருந்தாள், இதே நாற்காலி, வாயைப் பார்த்துவிட்டு என்னக்கா ஒரு பக்கமா கோணிக்கிட்டுப் பேசுறீங்க என்றாள். வாய்ப்புண்ணும்மா. அகத்திக்கீரை சாப்பிடுங்கக்கா, எங்க அத்தைக்கு அதான் கேட்டுச்சு. ஆக, பொங்கலுக்குப் பத்து நாள் முன். பொங்கல் முடிந்து இன்றைக்கு மூன்று வாரம். கிட்டத்தட்ட ஒரு மாசம்தான். ஒரு மாசம் என்பது இரண்டு வாரம் இல்லை, ஆனால் நடுவில் ஆறியதே, ஆறி வந்ததைக் கழித்தால். கழித்தாள். கழிக்கக் கழிக்கப் பொற்கொடியின் புருவத்தில் வந்து இடறியது.

ஒரு மாசத்துப் புருவம் அது இல்லை.

எழுந்து போய்ப் பார்த்தாள். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, மண்ணுக்கு நடுவில் வில் போல இரண்டு கோடு, அவள் இழுத்த கோடு. பொற்கொடியின் மேல் விரித்திருந்து தரையில் விழுந்த துணியை எடுத்து உதறாமல் பார்த்தாள். வெள்ளைத் துணியில் முடி சிந்திக் கிடந்தது. ஒன்றை விரலில் ஒற்றி எடுத்தாள். ஒரு மாசத்து முடி குத்தும், வேர்ப்பக்கம் தடித்து நுனி மழுங்கி இருக்கும். இது நுனி மெலிந்து, தானாக வளைந்து, படுத்துக்கொள்ளத் தெரிந்த முடி. இரண்டு மாசம். இரண்டுக்கு மேலேயே. யாராவது இந்த முடியைக் கொண்டுவந்து காட்டி எத்தனை நாள் என்று கேட்டால் ஒரு வாரம் முன்பின் சொல்லிவிடுவாள், இது ஒன்றுதான் அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த விஷயம். சாட்டு போட்டதிலிருந்து தொடவில்லை என்றாள் இவள். பொங்கல் சாட்டியது கோயிலில் எப்போது, பொங்கலுக்கு மூன்று வாரம் முன்னால். விரதம் இருந்தவள் பொங்கல் நெரிசலில் இங்கே எப்படி வந்தாள்? வரவில்லை. அந்த நெரிசலில் நின்றது வேறு நாற்பது பேர். இவள் வந்தது அதற்கும் முந்தி. அதற்கும் முந்தி எப்போது? குலசாமி கோயிலுக்குப் போறோம்க்கா, போட்டோ எடுப்பாங்க, மெலிசா எடுத்து விடுங்க. குலசாமி கோயில் என்றால் சிவராத்திரி. மாசி. என்னக்கா ஒரு பக்கமா கோணிக்கிட்டுப் பேசுறீங்க. அகத்திக்கீரை. மாசி, பங்குனி, இப்போது சித்திரை பாதி. விரலில் ஒட்டியிருந்த முடியைத் தட்டினாள், அது போகவில்லை. நாக்கு தானாக அங்கே போனது. போய்த் தொட்டுவிட்டு, தொட்ட இடத்திலேயே, எதற்கு வந்தோம் என்று மறந்தது போல நின்றது.

வேறு பொற்கொடியாக இருக்குமோ. அகத்திக்கீரை சொன்னது வேறு யாராவது. கீரைக்காரி. எதிர்வீட்டு டீச்சர். இல்லை, எங்க அத்தைக்கு அதான் கேட்டுச்சு என்று அத்தையை இழுக்காமல் ஒரு வாக்கியம் பேசத் தெரியாதவள் ஊரில் இவள் ஒருத்திதான். தவமணி கண்ணாடிக்கு முன்னால் போனாள். வாயைத் திறந்தாள். இருட்டு. வெளிச்சம் தலைக்குப் பின்னாலிருந்து வந்தது, மற்றவர்களின் முகத்தில் விழுவதற்காகப் பொருத்திய வெளிச்சம். நாக்கை நீட்டி வலப்பக்கம் திருப்பினால் ஓரம் உள்ளேயே சுருண்டுகொள்கிறது. முந்தானையால் நாக்கு நுனியைப் பிடித்து இழுத்தாள். ஏதோ சிவப்பாக, அதன் நடுவில் ஏதோ வெளுப்பாக, அதற்குள் கண்ணாடி மூச்சுப்பட்டு மங்கியது. துடைத்தாள். தொட்டால் ரத்தம் வருமா? முந்தானையில் ஒரு பொட்டு இருந்தது. அது குங்குமமாக இருக்கலாம். காலையில் ஒரு பெண்ணுக்குப் பொட்டு வைத்தாள். குங்குமம்தான். குங்குமம் ஈரமாக இருக்குமா?

"பொற்கொடி."

"ம்?"

"எந்திரிம்மா. ஒரு நிமிசம்."

பொற்கொடி வெள்ளரித் துண்டுகளை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். மண் நன்றாக இறுகி, சாம்பலும் பச்சையுமாக ஒரு முகம். அதற்குள் இரண்டு கண் உருண்டது. என்ன என்று கையால் கேட்டாள்.

"ஒம் போன்ல லைட்டு இருக்குல்ல? என் வாய்க்குள்ள அடிச்சுப் பாரு. இடப்பக்கம். நாக்குக்கு ஓரத்துல."

பொற்கொடி மண்ணுக்குள்ளிருந்து ஏதோ முனகினாள். சிரிப்பாக இருக்கலாம். போனைத் தேடி எடுத்து வெளிச்சத்தைப் போட்டாள். தவமணி அவள் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து தலையை அண்ணாந்தாள். இந்த அறையில் இப்படி அண்ணாந்து உட்கார்ந்தது இதுவே முதல் தடவை என்பது அப்போதுதான் உறைத்தது. மேலே மின்விசிறியின் இறக்கையில் தூசி கருப்பாக அப்பியிருந்தது. இத்தனை பேர் இதைப் பார்த்துக்கொண்டா படுத்திருக்கிறார்கள், ஒருத்திகூடச் சொல்லவில்லையே. வாயைத் திறந்தாள். நாக்கை அவளே துணியால் பிடித்து வலப்பக்கம் இழுத்துக் காட்டினாள். வெளிச்சம் வெதுவெதுப்பாகப் பட்டது, அல்லது பட்டது போல இருந்தது. பொற்கொடியின் முகத்தைப் பார்த்தாள். பதினாலு வருடமாகப் பார்க்கிற வேலை, கண்ணுக்கு அடியில் ஒரு நரம்பு துடித்தால் வீட்டில் சண்டை, உதடு இப்படி மடிந்தால் பையனுக்கு மார்க்கு இல்லை, ஒரு முகத்தில் அவளுக்குத் தெரியாதது எதுவும் இருந்ததில்லை. இந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மண். அவளே இரண்டு பூச்சாகக் கெட்டியாகப் பூசிய மண். கண் மட்டும் வாய்க்குள் போனது, கொஞ்சம் கிட்டே வந்தது, நின்றது. ஒரு இடத்தில் நின்று அசையவே இல்லை. இவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததே கிடையாது. பேசக் கூடாது என்று நான்தானே சொன்னேன், அதனால்தான் பேசவில்லை, வேறு காரணம் இல்லை. மின்விசிறி சுற்றியது. எச்சில் தாடையில் வழிந்தது. அப்போது நெற்றியில், இரண்டு புருவத்துக்கும் நடுவில், மண்ணில் மெல்லியதாக ஒரு கோடு விழுந்தது. அது மேலே ஓடிக் கிளை பிரிந்தது. சின்னத் துண்டு ஒன்று உதிர்ந்து தவமணியின் மடியில் விழுந்தது.

வெளிச்சம் அணைந்தது.

"எத்தன நாளாக்கா இருக்கு?" உதட்டைச் சுற்றி இருந்த மண்ணும் உடைந்தது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

இரண்டு வாரம் என்பது வாயில் தயாராக இருந்தது. அதைச் சொல்ல முயற்சியே வேண்டாம், வாயை மூடித் திறந்தால் அதுதான் வரும். தவமணி முந்தானையால் தாடையைத் துடைத்தாள்.

"மாசியிலருந்து. நீ குலசாமி கோயிலுக்குப் போறப்ப வந்தியே, அப்பவே இருந்துச்சு."

"அப்ப நீங்க வாய்ப்புண்ணுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"நான் அகத்திக்கீரை சாப்பிடச் சொன்னேன்."

"சாப்ட்டேன்."

பொற்கொடி போனைக் கீழே வைத்தாள். உதட்டோரம் என்னவோ செய்தது, அதுவும் மண்ணுக்கு அடியில். பிறகு குழாயடிக்குப் போனாள், தண்ணீரை அள்ளி அள்ளி அடித்தாள், இரண்டே அள்ளில் திரும்பி வந்தாள். கன்னம் பாதி கழுவி, காதோரமும் கழுத்தும் அப்படியே மண்ணாக இருந்தது.

"நல்லாக் கழுவும்மா, காஞ்சா தோலு இழுக்கும்."

"இழுக்கட்டும். தெப்பக்குளத்துப் பக்கத்துல பல் டாக்டர் நாலு மணிக்கு வந்துருவாங்க. எங்க அத்தைக்குப் பல்லு கட்டுனது அங்கதான். அவங்க பாத்துட்டு எங்க போகச் சொல்றாங்களோ அங்க போவோம். செருப்பு போடுங்க."

"ஞாயித்துக்கிழம கல்யாணத்த வச்சிக்கிட்டு நீ..."

"இன்னைக்கு புதன்கிழமதானக்கா."

தவமணி சாவியைத் தேடினாள். மேசையில் இல்லை, இழுப்பறையில் இல்லை, இடுப்பில் இருந்தது. விளக்கை அணைத்தாள், மறுபடி போட்டாள், எதற்கென்று தெரியாமல் மறுபடி அணைத்தாள். என்னவென்று தெரிந்துவிட்டதா? இல்லை. பொற்கொடி டாக்டர் இல்லை, மில்லில் கணினி தட்டுகிறவள், அவளுக்கு என்ன தெரியும். உடைந்த பல்லை ராவி விட்டால் போய்விடும் என்பார்களோ என்னவோ. சின்னதாக ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்களோ. பெரியப்பாவுக்கு எடுத்தார்களே, ஆனால் அவருக்கு எடுத்தது எப்போது, ஒரு வருடம் கழித்து. மாசி, பங்குனி, சித்திரை. ஒரு வருடம் இல்லை. இது ஒரு வருடம் இல்லை. இந்தக் கணக்கு முதல் தடவையாகக் கழிக்காமல் நின்றது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாமா கூடாதா என்று அவளுக்குப் புரியவில்லை.

கதவைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது படியேறி ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். ஒரு பக்கம் மண் காய்ந்த முகத்தோடு நிற்கிற பொற்கொடியைப் பார்த்துத் தயங்கினாள்.

"அக்கா, புருவம் மட்டும். அஞ்சே நிமிசம்."

"இன்னைக்கு இல்லம்மா."

"நாளைக்கு வரட்டா?"

தவமணி வாயைத் திறந்தாள். நாளைக்கு வா என்று பதினாலு வருடமாகச் சொல்கிற பதில்.

"தெரியலம்மா" என்றாள். "டாக்டர்ட்ட வாயக் காட்டப் போறேன். பாத்துட்டுத்தான் சொல்லணும்."

சொல்லி முடித்தபிறகுதான் அதை முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டோம் என்று உணர்ந்தாள். பொற்கொடி அதற்குள் ஆறு படி இறங்கியிருந்தாள், தெருவில் ஒரு ஆட்டோவைக் கையைத் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டோக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்தினார்.